எனக்குக் கேட்காமல் ஓடிய தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் செயலாளர். ராஜா அண்ணாமலைபுரத்தில், பெரிய சாலையை விட்டு இரண்டு திருப்பம் உள்ளே தள்ளி இருக்கும் பழைய கட்டடம். எட்டு வீடுகள். என்னுடையது முதல் மாடியில். செயலாளர் பதவிக்கு இங்கே யாரும் போட்டியிடுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பகல் முழுக்க வீட்டில் இருப்பவன் என்பதால் அது என் தலையில் வந்து விழுந்தது. காலையில் மோட்டார் போட வேண்டும். தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். லாரி வந்தால் கீழ்த்தொட்டியின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். மாடிப்படி விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் பிறந்ததும் ஆழ்துளைக் கிணறு மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மோட்டாரை ஓடவிட்டால் காற்றுதான் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர் வாங்கினோம். இது எல்லா வருடமும் நடப்பதுதான். ஆனால் அந்த வருடம், காலை ஆறு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பினால் மறுநாள் காலைவரை வர வேண்டிய தண்ணீர், மதியச் சாப்பாட்டு வேளைக்குள் தீர்ந்துபோனது. பாத்திரம் தேய்க்கும் பெண்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாசலுக்கு வந்து, "தண்ணி நின்னுபோச்சு சார்" என்று மாடிப்படி வழியாக எனக்குக் குரல் கொடுப்பார்கள்.

நான் மொட்டைமாடிக்கு ஏறிக் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். சுவரோரமாக இறங்கும் குழாய்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கேயும் ஈரம் இல்லை. அப்படியானால் யாரோ அளவுக்கு மேல் செலவழிக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடத்தினோம். ஐந்து வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். கீழ்வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வருகிறவர், நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்காத்துல நாங்க ரெண்டே பேர். காலம்பர ரெண்டு பக்கெட், சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல செலவு கிடையாது. ரெண்டாவது மாடில ஏழு பேர் இருக்கா. வர்றவா போறவான்னு எப்பவும் யாராவது வந்துண்டே இருக்கா. அஞ்சு வேளையும் கை கால் அலம்பணும் வேற. நான் தப்பா எதுவும் சொல்லலை. இருக்கறதைச் சொல்றேன்."

இரண்டாவது மாடி வீட்டிலிருந்து அன்று யாரும் வந்திருக்கவில்லை. உறவில் ஏதோ கல்யாணம். அவர்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம். தலைமுறை தலைமுறையாக ராயப்பேட்டையில் இருந்துவிட்டு, இங்கே வீடு வாங்கி வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கணவர், மனைவி, இரண்டு மகன்கள், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஆண்கள் மூவரும் ராயப்பேட்டையில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள்.

பெரியவர் சொன்னதை யாரும் ஆமோதிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நானும்தான். எனக்கு அந்தக் கணக்கு சரியாக இருப்பதாகவே பட்டது. அன்று சாயங்காலம் கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் பொதுவாக நான்கு வரி எழுதிவிட்டுக் கடைசியில், "குறிப்பாக, இரண்டாம் மாடியில் தெற்குப் பக்க வீட்டினர் தண்ணீர்ச் செலவில் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்" என்று சேர்த்தேன். எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கே ஒரு திருப்தி இருந்தது. அந்த வீட்டிலிருந்து பதில் வரவில்லை. மறுநாள், அந்த வீட்டு அம்மாள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக ஒரு வரி மட்டும் வந்திருந்தது.

என் மனைவி அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் பிப்ரவரிக் கடைசியிலேயே கோயம்புத்தூர் போய்விட்டாள். நான் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, கட்டடத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நடந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலை பத்து மணி வாக்கில் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. யாரோ நிற்பதுபோல் தோன்ற நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடி அம்மாள். என் வயதுதான் இருக்கும். முக்காட்டைச் சரி செய்துகொண்டு, சற்று மூச்சு வாங்க நின்றார்.

"சார், லாரி வந்து பத்து நிமிஷமா ஹாரன் அடிச்சிட்டிருக்கான். திரும்பிப் போயிடுவேங்கறான். உங்களுக்குக் கேக்கலையா?"

"டிவி ஓடிட்டிருந்துதும்மா" என்றேன்.

அவர் டிவி இருக்கும் பக்கம் பார்த்தார். அது அணைந்திருந்தது.

கீழ்த்தொட்டிச் சாவி வழக்கமாக மாட்டும் ஆணியில் இல்லை. நான் மேஜை இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவர் ஹாலின் நடுவில் நின்று தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார்.

"உள்ள தண்ணி ஓடுதே சார். குழாயை மூடலையா?"

"இல்லையே. மூடித்தான் இருக்கு."

"ஓடுது சார். ஸ்ஸ்னு ஒரே சத்தமா கேக்குது."

நானும் காதைக் கொடுத்தேன். மின்விசிறியின் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு ஆட்டோ போனது கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. சாவி கிடைத்ததும் இறங்கிப் போய் லாரிக்காரரைச் சமாதானப்படுத்தித் தொட்டியைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்து குளியலறைக் குழாய்களைப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக மூடியிருந்தன. கழிப்பறைப் பீங்கானைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் வந்தது. நான் குழுவில் எழுதியதற்குப் பதிலடியாக இந்தம்மா என் வீட்டில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

லாரி போன பிறகு அவர் மறுபடி என் வாசலில் நின்றார்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். ஒண்ணும் இல்லம்மா."

"நான் ஒரு தடவ வந்து பார்க்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர் உள்ளே வந்து குளியலறை வாசலோடு நின்றுகொண்டார். கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க்கைக் கையால் காட்டினார்.

"இதுலேர்ந்துதான் சார். பீங்கானுக்கு உள்ள, பின்பக்கச் சுவத்துல விரல வச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

குனிந்து விரலை வைத்தேன். பீங்கானின் மேல் மெல்லிய ஒரு தகடுபோலத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. சில்லென்று விரலைச் சுற்றிக்கொண்டு போனது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"எத்தனை நாளா ஓடுது?" என்றார்.

"தெரியலம்மா."

"ராத்திரி பகலா ஓடினா ஒரு வீட்டுத் தண்ணியே போயிடும் சார். ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனார். குழுவில் நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் குளியலறையிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு ஹாலின் நடுவிலிருந்து கேட்ட சத்தம், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கவில்லை. காதை டேங்க்கின் மேலேயே வைத்துப் பார்த்தேன். பீங்கானின் குளிர்ச்சிதான் தெரிந்தது. என் மனைவி இரண்டு வருடமாக, "காதைக் காட்டுங்க, காதைக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முணுமுணுப்பாகப் பேசுகிறாள் என்று சொல்லி வந்தேன். அவள் இங்கே இருந்திருந்தால் முதல் நாளே இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். அவள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இந்தத் தண்ணீர் எந்த நாளில் ஓட ஆரம்பித்தது என்று சொல்ல இந்த வீட்டில் யாருமே இருக்கவில்லை.

வழக்கமாக வரும் பிளம்பருக்கு போன் செய்தேன்.

"சார், நான் பெருங்குடில வேலைல கீறேன். புது பில்டிங்கு. நாலு நாளு ஆவும் சார். அவசரம்னா ஆங்கிள் காக்கை மூடி வெச்சிகினு பக்கெட்டுல ஊத்திக்கோ சார்" என்றார்.

ஆங்கிள் காக் என்பது டேங்க்குக்குக் கீழே சுவரில் இருக்கும் சின்னக் குழாய். அதை மூடினால் டேங்க்குக்குத் தண்ணீர் போகாது. நான் திருகிப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் பல வருடம் இருந்ததால் அது இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, பழைய துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். மூன்றாவது முயற்சியில் கரகரவென்று அசைந்து மூடிக்கொண்டது. நாலு நாள் பக்கெட்டில் ஊற்றுவது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் இதை என் கையாலேயே சரி செய்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. யாருக்கும் தெரிவதற்கு முன்னால் சரி செய்துவிட வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மந்தைவெளிப் பக்கம் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு நடந்தே போனேன். கடைக்காரர் நான் பாதி சொல்லும்போதே கையை நீட்டி ஒரு பெட்டியை எடுத்துவிட்டார்.

"தண்ணி நிக்கலியா? உள்ள வர்ற வால்வு போயிருக்கும் சார். எல்லாம் அதான். இத்த மாட்டிப் பாரு, நின்னுடும்."

மிதவையோடு கூடிய வெள்ளை பிளாஸ்டிக் வால்வு அது. டேங்க்கில் தண்ணீர் ஏறினால் மிதவை உயர்ந்து வரும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் தண்ணீர் டேங்க்கின் நடுவில் இருக்கும் குழாயின் வாய்வரை ஏறி, அதன் வழியாகப் பீங்கானில் வழியும். கடைக்காரர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மூடியைத் தூக்கிக் கட்டிலின் மேல் துணி விரித்து வைத்தேன். பழைய வால்வைக் கழற்ற ஸ்பேனர் பிடிக்கவில்லை, சுவருக்கும் டேங்க்குக்கும் நடுவில் கை நுழையவில்லை. தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கையை மேலே விட்டுத் திருகினேன். சட்டை முழுக்க நனைந்தது. மதியம் இரண்டு மணிக்குப் புது வால்வு உட்கார்ந்துவிட்டது. டேங்க் நிரம்பி, மிதவை ஏறி, நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் மனைவிக்கு போன் செய்து சொன்னேன்.

"நீங்களே மாத்தினீங்களா? பரவாயில்லையே" என்றாள். பிறகு, "ஓடுதுன்னு யார் கண்டுபிடிச்சா?" என்றாள்.

"மாடி வீட்டம்மா."

"அவங்களுக்குக் கேட்டுது, உங்களுக்குக் கேக்கலை."

"ஆமா."

குழுவில் நான் எழுதியதைப் பற்றி அவளிடம் நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக விரலை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அதே போலச் சில்லென்று இறங்கிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே பார்த்தபடி நின்றேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. தண்ணீர் மட்டம், நடுக்குழாயின் வாய்க்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றது. அப்படியென்றால் மேலே வழிந்து போகவில்லை. நேற்றே இதைப் பார்த்திருந்தால் கடைக்காரர் சொன்னது பொருந்தாது என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பிறகு எந்த வழியாகப் போகிறது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இரண்டாவது மாடியில் இருந்தார். மாடி ஏறுவதற்குள் மூன்று தடவை செருப்பைப் போட்டுக் கழற்றினேன்.

அவர்தான் கதவைத் திறந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார். ஹாலில் அவருடைய மருமகள் பெரிய துணி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலிலிருந்து குளியலறை வாசல்வரை சுவரோரமாக மூடி போட்ட பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. வெளியூர் புறப்படுகிறார்களோ என்று நினைத்தேன்.

"ஊருக்குக் கெளம்பறீங்களாம்மா?"

"இல்ல சார். துணி துவைக்க. ராயப்பேட்டைல மருமக அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டோல போய் அங்க துவைச்சுக் காய வச்சு எடுத்துட்டு வந்துடறா."

"எப்போலேர்ந்து?"

"நீங்க எழுதினதுலேர்ந்து சார்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஃப்ளஷ்ஷை மூடிட்டோம். குளிச்ச தண்ணியைப் புடிச்சு வச்சு அதுக்கு ஊத்தறோம். புள்ளைங்க ரெண்டும் ஒரே பக்கெட்டுல குளிக்குதுங்க. எங்க தங்கச்சி வர்றேன்னா, மழை வந்தப்புறம் வான்னு சொல்லிட்டேன். அப்பவும் மத்தியானம் தண்ணி நின்னுபோச்சு. அப்பத்தான் எனக்கு இது வேற எங்கியோ போகுதுன்னு தோணிச்சு. அதான் உங்க வீட்டுல நின்னப்ப காதுல விழுந்துது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மருமகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கூட்டத்துல பேசினதும் எனக்குத் தெரியும் சார்" என்று அவர் தொடர்ந்தார். "தொழுகைக்கு முன்னாடி நாங்க கை கால் கழுவி ஒளு செய்யறது ஒரு சொம்புத் தண்ணில. ஓடற ஆத்தங்கரைல நின்னாலும் தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னுதான் எங்க வீட்டுல சின்னதுலயே சொல்லித் தருவாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை."

"நான் எழுதினது தப்பும்மா. என்னை மன்னிச்சுக்கணும்."

"நீங்க எழுதினது எட்டு வீட்டுக்கும் போச்சு சார். இது என் ஒருத்திக்கு மட்டும் சொல்றீங்க."

"எட்டு வீட்டுக்கும் சொல்றேன்" என்றேன்.

"சரி" என்றார். "இப்ப என்ன, இன்னும் ஓடுதா?"

நான் வால்வு மாற்றிய கதையைச் சொன்னேன். தண்ணீர் மட்டம் குழாய்க்குக் கீழே நிற்பதையும் சொன்னேன். அவருடைய அப்பா புதுப்பேட்டைப் பக்கம் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தாராம். கல்யாணம் ஆகும்வரை பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருப்பாராம். "அத்தா கடைக்கு இந்தக் கேஸ்தான் சார் நெறைய வரும்" என்று உள்ளே போனவர், வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார்.

"டேங்க்ல பத்து சொட்டு விடுங்க. அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விட்டுடுங்க. கீழ பீங்கான்ல நீலம் வந்துதுன்னா அடி ரப்பர் போயிடுச்சுன்னு அர்த்தம்."

அப்படியே செய்தேன். டேங்க்கில் நீலம் சுருள் சுருளாக இறங்கிக் கலந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்து பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பின்பக்கச் சுவரில் வெளிர் நீலமாக இரண்டு கோடுகள் தெரிந்தன. பிறகு கீழே நின்ற தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. இத்தனை நாளாக என் கண்ணுக்கும் காதுக்கும் தப்பியது, இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவரை அழைத்தேன். அவர் வந்து வாசலில் நின்றபடியே சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஆங்கிள் காக்கை மூடினேன். ஃப்ளஷ் செய்து டேங்க்கைக் காலி செய்தேன். பொத்தானுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கூண்டை இடதுபக்கம் கால் திருப்பு திருப்பினேன். அது கழன்று கையோடு வந்தது. அதன் அடியில் வளையம்போல ஒரு ரப்பர். ஒரு பக்கம் அலை அலையாக நெளிந்து, விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரியே இல்லை, நகம்போல் கெட்டியாக இருந்தது.

"இதான்" என்றார். "இதை எடுத்துட்டுப் போய்க் காட்டி வாங்குங்க. வாயால சொன்னா வேற எதையாவது குடுப்பாங்க."

கடைக்காரர் ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத்த நேத்தே கழட்டினு வரக் கூடாதா சார்" என்றார். நேற்று அவர் சொன்னதை அவருக்கு நினைவூட்டும் நிலையில் நான் இல்லை. புது ரப்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரப்பர் உட்காரும் இடத்திலும் உப்பு படிந்திருந்தது. எலுமிச்சம்பழ மூடியை வைத்துத் தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். ரப்பரை மாட்டி, கூண்டை இறக்கித் திருப்பினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி நீலம் போட்டேன். இந்தத் தடவை ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பீங்கானில் தண்ணீர் தெளிவாக நின்றது. விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மாடி அம்மாளைக் கூப்பிட்டு, "சத்தம் கேக்குதாம்மா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இல்ல சார். நின்னுடுச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில், "ஒரு தொழில்நுட்பக் கோளாறு கண்டறியப்பட்டுச் சரி செய்யப்பட்டது" என்று இருந்தது. யார் வீட்டில் என்று இல்லை. படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். இரண்டாவதில் என் வீடு என்று சொல்லியிருந்தேன், இரண்டாவது மாடியைப் பற்றி எதுவும் இல்லை. அதையும் அழித்தேன். மூன்றாவதாக எழுதியது இது:

"தண்ணீர் வீணானது என் வீட்டில். கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கின் அடி ரப்பர் கெட்டு, இரண்டு மாதம்வரைகூட ஓடியிருக்கலாம். எனக்குக் காது சரியாகக் கேட்காததால் தெரியவில்லை. இரண்டாம் மாடி வீட்டினரைக் குறிப்பிட்டு நான் எழுதியது தவறு. அவர்கள்தான் நம் எல்லோரையும்விடக் குறைவாகச் செலவழிக்கிறார்கள், நான் நேரில் பார்த்தேன். கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அந்த வீட்டு அம்மாதான். கூட்டத்தில் அவர்களைப் பற்றிப் பேசியபோது நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்காததற்கும் வருந்துகிறேன்."

அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாக்கிங் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது ஒருவரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இரவு சாப்பிடும்போது மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கும்பிடு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சொட்டு நீலம் பாட்டிலோடு வீடு வீடாகப் போனேன். செயலாளர் என்ற முறையில் நான் செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு வீட்டில் நீலம் கீழே இறங்கியது. ஒன்று மூன்றாவது மாடி. இன்னொன்று கீழ்வீட்டுப் பெரியவருடையது. அவர் என்னோடு சேர்ந்து குனிந்து பார்த்துவிட்டு, வெகு நேரம் நிமிரவில்லை.

"எங்காத்துலயுமா" என்றார்.

"சின்ன ரப்பர் மாமா. அரை மணி நேர வேலை. நானே மாத்தித் தரேன்."

மாற்றிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்தேன். முழங்கால் வலியால் முதல் மாடிக்குக்கூட வராதவர். என் வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டு இரண்டாவது மாடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து அந்த வீட்டு மூத்த மகன் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கொண்டுவந்து விட்டான்.

தொட்டித் தண்ணீர் அதன் பிறகு இரவுவரை வந்தது. மறுநாள் காலைவரை வரவில்லை என்றாலும், மதியம் யாரும் வாசலில் வந்து குரல் கொடுக்கவில்லை. மொட்டைமாடிக் கொடியில் இரண்டாவது மாடி வீட்டுத் துணிகள் மறுபடி காய ஆரம்பித்தன.

அந்த மாதமே அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போய்க் காதைக் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். மெல்லிய உச்சஸ்தாயிச் சத்தங்கள் எனக்குக் கேட்பதில்லை என்று பரிசோதித்த பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பல வருடமாகவே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். மனைவி பேத்தியோடும் மகளோடும் திரும்பி வந்தபோது என் காதில் கருவி இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழுவில் எழுதியதையும் சேர்த்து. அவள் கேட்டுவிட்டு, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, நேராக மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

இரண்டாவது மாடி அம்மாளிடம், மறுபடி வாட்ஸாப் குழுவில் சேரும்படி இரண்டு தடவை கேட்டேன். "வேணாம் சார்" என்றார். "ஏதாவது சொல்லணும்னா நேர்ல வந்து சொல்லுங்க."

அப்படித்தான் நடக்கிறது. லாரி எப்போது வரும், மோட்டார் எத்தனை மணிக்கு, கூட்டம் எந்த ஞாயிறு என்று குழுவில் போட்டுவிட்டு, மாடி ஏறி அவர் வீட்டு வாசலில் நின்று அதையே வாயால் சொல்லிவிட்டு வருகிறேன். சில நாள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார். சில நாள் கதவருகிலேயே கேட்டுக்கொண்டு, "சரி சார்" என்று அனுப்பிவிடுவார்.